பாலர் பள்ளியில் இலையுதிர் காலமும் பூசணியும்: இங்கே எப்படி நடத்துவது?

செந்தூல் பாலர் ஆசிரியை:
வணக்கம். 4, 5 வயதுப் பிள்ளைகள் 18 பேர். அடுத்த மாதத் தலைப்பு இலையுதிர் காலமும் பூசணியும். கைக்குக் கிடைத்த பயிற்சித் தாள்களில் மேப்பிள் இலைக்கு வண்ணம் தீட்டுவது, பூசணியில் பேய் முகம் வரைவது, இவ்வளவுதான். பேய் முகம் வேண்டாம் என்று சில பெற்றோர் சொல்கிறார்கள், அது நியாயமும்கூட. உண்மையான பூசணியை வைத்து மூன்று நாளைக்கு, நாளுக்கு 40 நிமிடம், என்ன செய்யலாம்? கோலாலம்பூரில் இலையுதிர் காலத்தை எதைக் காட்டிப் புரியவைப்பது?

கணக்கு டீச்சர், கிள்ளான்:
டீச்சர், முழுக்காயாக வாங்குங்கள். சந்தையில் மலாயில் ‘லாபு மானிஸ்’ (மஞ்சள் பூசணி) என்று கேளுங்கள். காம்பு காய்ந்து தக்கை போல் கெட்டியாக இருக்க வேண்டும், நகத்தால் குத்தினால் தோலில் இறங்கக் கூடாது. இளங்காயில் விதை சப்பையாக, உள்ளீடு இல்லாமல் இருக்கும். எண்ணவும் ஆகாது, நடவும் ஆகாது. இரண்டு கிலோ அளவில் இரண்டு காய் போதும்.

முதல் நாள் வெட்டாதீர்கள். தூக்கிப் பார்க்கட்டும், தட்டிப் பார்க்கட்டும், நூலால் சுற்றளவு அளக்கட்டும். பிறகு பெரிய வாளியில் தண்ணீர் நிரப்பி, ‘இது மிதக்குமா, மூழ்குமா?’ என்று கேளுங்கள். கனமானது மூழ்கும் என்றுதான் பெரும்பாலான பிள்ளைகள் சொல்வார்கள். நடுவில் வெற்றிடம் இருப்பதால் காய் மிதக்கும். பக்கத்தில் ஒரு சின்னக் கூழாங்கல்லைப் போட்டுக் காட்டினால் வியப்பு இரட்டிப்பாகும். உள்ளே என்ன இருக்கும் என்று அன்றே படம் வரையச் சொல்லுங்கள். மறுநாள் வெட்டியதும் அந்தப் படத்தோடு ஒப்பிடலாம்.

வெட்டுவது உங்கள் வேலை, அதுவும் பிள்ளைகள் வருவதற்கு முன்பே. தோல் கெட்டி, கத்தி வழுக்கும். அடியில் ஈரத்துணி விரித்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் கையாலும் கரண்டியாலும் விதையை எடுக்கட்டும். பூசணிச் சாறு காய்ந்தால் சிலருக்குக் கைத்தோல் இறுகி உரியும். சொறி, படை உள்ள பிள்ளைகளுக்குக் கரண்டி மட்டும் கொடுங்கள்.

ஈர விதையை உடனே எண்ணவைப்பதுதான் பலர் செய்யும் தவறு. வழுக்கி ஓடும், நாரோடு ஒட்டும், பிள்ளை சலித்துவிடும். தண்ணீரில் ஊறவைத்து நாரைக் கழற்றி, எவர்சில்வர் தட்டில் ஒற்றை அடுக்காகப் பரப்பி, இரவு முழுக்கக் காற்றாடிக்கு அடியில் வையுங்கள். டிஷ்யூவிலோ நாளிதழிலோ பரப்பினால் ஒட்டிக்கொண்டு பிய்க்க வராது. குவியலாக விட்டால் நம் ஊர்ப் புழுக்கத்தில் பூஞ்சை பிடித்துவிடும்.

மூன்றாம் நாள் எண்ணிக்கை. 30 முட்டை அட்டையில் ஒரு பக்கம் 6 குழி, மறுபக்கம் 5. ஐந்தைந்தாக இரண்டு வரிசை சேர்த்து வெட்டினால் ஓர் அட்டையில் மூன்று ‘பத்துச் சட்டம்’ (பத்துக் குழி உள்ள எண்ணும் துண்டு) கிடைக்கும். 18 பிள்ளைகளுக்கு ஆறு அட்டை. குழிக்கு ஒரு விதை, நிரம்பினால் பத்து. நான்கு வயதுப் பிள்ளைக்கு ஐந்து குழி போதும், பத்துக்கு அவசரப்படுத்த வேண்டாம்.

விதை வாய்க்குப் போகாமல் பக்கத்திலேயே ஒருவர் இருக்க வேண்டும். வறுத்த விதையைத் தின்னக் கொடுக்காதீர்கள், தொண்டையில் சிக்கும்.

செடிப்பிரியை, பினாங்கு:
இலைக்கு மேப்பிள் எதற்கு அக்கா? கெத்தாப்பாங் மரம், நம் நாட்டு வாதுமை, பினாங்குக் கடற்கரையிலும் இருக்கிறது, கோலாலம்பூர்ச் சாலையோரத்திலும் இருக்கிறது. உதிர்வதற்கு முன் அதன் இலை நன்றாகவே சிவக்கும். பச்சை, மஞ்சள், சிவப்பு, பழுப்பு என்று பொறுக்கிவந்து தரையில் வரிசையாக அடுக்கச் சொல்லுங்கள். நிற வரிசையும் ஆகும், ஓர் இலையின் வாழ்க்கையும் ஆகும்.

குளிர்நாடுகளில் பகல் குறுகி, குளிர் கூடும்போது மரம் இலையை உதிர்க்கும். நமக்கு ஆண்டு முழுக்கப் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம், அதனால் ஒவ்வொரு மரமும் தன் கணக்குப்படி உதிர்க்கிறது. ரப்பர் மரம் ஆண்டுத் தொடக்கத்து வறண்ட நாட்களில் மொட்டையாகும். பிள்ளைகளுக்கு இவ்வளவு போதும்: “அங்கே பல மரங்கள் ஒன்றாக உதிர்க்கும், இங்கே ஒவ்வொன்றாக உதிர்க்கும்.”

இலை நரம்பைத் தேய்த்தெடுக்கக் காய்ந்த சருகு ஆகாது, நொறுங்கிவிடும். அன்று விழுந்த இலையை அடிப்பக்கம் மேலே வருமாறு வைத்து, மெல்லிய தாளை மூடி, காகிதச் சட்டை உரித்த கிரையானைப் படுக்கவைத்துத் தேய்க்க வேண்டும். நுனியால் தேய்த்தால் தாள் கிழியும். மழைக்கு மறுநாள் பொறுக்காதீர்கள். எறும்பையும் உதறிவிடுங்கள்.

தமிழாசிரியர், பட்டர்வொர்த்:
மொழிப் பாடத்தையும் விட்டுவிட வேண்டாம். நம் வீடுகளில் சாம்பல், மஞ்சள் இரண்டையும் பூசணி என்றே சொல்கிறோம். ஆயுத பூசையில் உடைக்கும் சாம்பல் பூசணியையும் மஞ்சள் பூசணியையும் அருகருகே வைத்து, தோல், நிறம், விதை மூன்றையும் ஒப்பிடுங்கள். பறங்கிக்காய் என்ற பெயரையும் சொல்லிக்கொடுங்கள், பாட்டி வீட்டில் அது காதில் விழும்.

‘முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா?’ என்பதைச் செய்தே பார்க்கலாம். சோற்றை வீணாக்காமல் வெள்ளைத் தாளைக் கிழித்துச் சோறாக்குங்கள். கிழிப்பதே இந்த வயது விரல்களுக்கு நல்ல பயிற்சி. ஒரு தட்டில் எலுமிச்சை, இன்னொன்றில் பூசணி. ஒரே கிண்ணத்தால் அள்ளிப் போட்டு எண்ணட்டும். எலுமிச்சை இரண்டு கிண்ணத்தில் மறைந்துவிடும். பூசணிமேல் போடப் போடச் சரிந்து விழும். ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பொருள் அங்கேயே விளங்கிவிடும்.

செந்தூல் பாலர் ஆசிரியை:
மிக்க நன்றி. எண்ணி முடித்த விதையை நட்டால் முளைக்குமா? வெட்டிய காயை எத்தனை நாள் வகுப்பில் வைக்கலாம்?

செடிப்பிரியை, பினாங்கு:
தடித்த விதையாகப் பார்த்து எடுங்கள். தயிர்க் கோப்பையின் அடியில் மூன்று ஓட்டை, மண் முக்கால் பாகம், விதை 2 செ.மீ. ஆழம். ஒரு வாரம், பத்து நாளில் முளை தெரியும். கெட்டுப்போவது பெரும்பாலும் தண்ணீரால்தான். 18 பேரும் ஆசை ஆசையாக ஊற்றினால் தண்டு மண்மட்டத்தில் அழுகிச் சாயும். நாளுக்கு ஒருவர், ஒரு மேசைக்கரண்டி. கொடி பல மீட்டர் ஓடும், அடுக்குமாடி வீட்டுக்கு ஆகாது. நிலம் உள்ளவர்களுக்கு மட்டும் கொடுத்தனுப்புங்கள்.

வெட்டிய காயை வகுப்பில் ஒரு நாளுக்கு மேல் வைக்காதீர்கள், ஈ மொய்க்கும். சமைக்க நினைத்தால் பிள்ளைகள் கைபடாத பாதியை வெட்டிய உடனே மூடி ஐஸ் பெட்டியில் வையுங்கள். மறுநாள் ஆவியில் வேகவைத்து மசித்துக் கொடுக்கலாம்.