டார்க் பேட்டர்னுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்? என் ஓட்டு ‘கண்ணி’க்கு

நண்பர்களுக்கு வணக்கம்.

இணையதளமோ செயலியோ, நாம் விரும்பாததைச் செய்யவைக்க வேண்டுமென்றே அமைக்கிற பக்கங்களையும் பொத்தான்களையும்தான் ‘டார்க் பேட்டர்ன்’ என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் வந்த மடல்களை எல்லாம் படித்துவிட்டேன். பாதிப் பேர் சொல் தேடுகிறோம், மீதிப் பேர் தாங்கள் மாட்டிக்கொண்ட கதையைச் சொல்கிறோம். கதைகளும் வேண்டியவைதான். எதற்குப் பெயர் வைக்கிறோம் என்பது தெளிவாக இல்லாவிட்டால் சொல் அகராதியைத் தாண்டி வெளியே வராது. செல்பிக்கு ‘தாமி’, ‘சுயமி’, ‘தன்படம்’ என்று மூன்று சொற்களைக் கொடுத்தோம். ஊர் இன்னும் செல்பிதான் எடுத்துக்கொண்டிருக்கிறது.

வந்த பரிந்துரைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

> நேரடியாக ‘இருண்ட வடிவமைப்பு’ என்றே வைத்தால் என்ன? மூலத்தோடு பொருந்தும், தேடுகிறவர்களுக்கும் எளிது.

பொருந்தும்தான். ஆனால் ‘டார்க் மோடு’க்கு நம்மில் பலர் ‘இருண்ட தோற்றம்’ என்றுதான் எழுதுகிறோம். இரவில் கண் கூசாமல் இருக்க அமைப்புகளுக்குள் போய் இருண்ட தோற்றத்தைத் தேர்ந்தெடுத்த ஆள், மறுநாள் ‘இருண்ட வடிவமைப்புக்குக் கோடிக்கணக்கில் அபராதம்’ என்ற செய்தியைப் படித்தால் என்ன நினைப்பார்? கண்ணுக்கு இதமாக இருந்ததற்கா அபராதம் என்றுதான் கேட்பார். தவிர, 2010-இல் ‘டார்க் பேட்டர்ன்’ என்ற சொல்லை உருவாக்கிய ஹாரி பிரிக்னல் என்ற பிரித்தானிய வடிவமைப்பாளரே இப்போது ‘டார்க்’கை விட்டுவிட்டு, ஏமாற்றுகிற என்று பொருள்தரும் ‘டிசெப்டிவ்’ என்ற அடைக்கு மாறிவிட்டார். அவரே இறக்கிவைத்த சுமையை நாம் எடுத்துத் தலையில் வைத்துக்கொள்ள வேண்டாமே.

> அப்படியானால் ‘ஏமாற்று வடிவமைப்பு’. யாருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

கண்ணிக்கு உண்மையான போட்டி இதுதான். பொய் சொல்கிற இடங்களில் கச்சிதமாக உட்காரும். இல்லாத தட்டுப்பாட்டைக் காட்டி ‘இன்னும் இரண்டே மீதம்’ என்று மிரட்டுவது, பக்கத்தை மறுபடி திறந்தால் முதலிலிருந்து ஓடத் தொடங்கும் கடிகாரம், இதெல்லாம் ஏமாற்றுதான், மறுப்பில்லை.

சிக்கல், பொய்யே சொல்லாமல் சிக்கவைப்பதில் இருக்கிறது. அமெரிக்காவின் கூட்டரசு வணிக ஆணையம் 2023 ஜூனில் அமேசான்மீது தொடுத்த வழக்கைப் பாருங்கள். பிரைம் சந்தாவை நிறுத்துகிற வழிக்கு நிறுவனத்துக்குள்ளேயே வைத்திருந்த பெயர் ‘இலியட்’. முடிவில்லாமல் நீளும் போரைப் பாடிய கிரேக்கக் காவியத்தின் பெயர்! நான்கு பக்கங்கள், ஆறு சொடுக்குகள், பதினைந்து தெரிவுகள் என்று ஆணையம் தன் மனுவில் எண்ணியே காட்டியது. ஒவ்வொரு பக்கத்திலும் ‘இதை இழக்கப்போகிறீர்கள், அதை இழக்கப்போகிறீர்கள்’ என்று சொல்வதில் எழுத்துக்கு எழுத்து பொய் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. நீளம்தான் ஆயுதம். அந்த வழக்கு 2025 செப்டம்பரில் 250 கோடி டாலர் உடன்பாட்டில் முடிந்தது. இதை ‘ஏமாற்று’ என்று சொன்னால், எங்கே பொய் சொன்னோம், காட்டுங்கள் என்று கேட்க வழக்கறிஞர்கள் தயாராக இருப்பார்கள்.

குக்கி, அதாவது நம்மை அடையாளம் காண இணையதளங்கள் நம் உலாவியில் போட்டுவைக்கும் சிறு கோப்பு, அதற்குச் சம்மதம் கேட்கிற அறிவிப்பும் அப்படித்தான். (‘நினைவி’ என்று நாம் சொல்லிப் பார்த்தாலும் வெளியே குக்கிதான்.) பக்கம் திறந்ததும் பாதித் திரையை மறைத்துக்கொண்டு ஒரு பெட்டி வருகிறது. ‘அனைத்தையும் ஏற்கிறேன்’ என்பது அழுத்தமான நிறத்தில் கொழுத்த பொத்தான். பக்கத்தில் ‘மறுக்கிறேன்’ இருக்காது. மெலிந்த சாம்பல் எழுத்தில் ‘விருப்பங்களை நிர்வகி’ என்று இருக்கும். அதற்குள் போனால் வரிசையாக மாற்றிகள். சரி, எல்லாம் அணைந்துதான் இருக்கின்றன என்று நிம்மதியாகத் திரும்பப் பார்த்தால், மேலே ‘நியாயமான நலன்’ (சம்மதம் கேட்காமலே தரவை எடுக்க நிறுவனங்கள் சொல்லும் காரணம்) என்று இன்னொரு தாவல். அங்கே எல்லாம் எரிந்துகொண்டிருக்கும். ஒவ்வொன்றாக அணைத்துக் கீழே வந்தால் மறுபடி அதே கொழுத்த பொத்தான், அதே ‘அனைத்தையும் ஏற்கிறேன்’. நாம் அணைத்ததைச் சேமிக்கிற பொத்தான் அதற்கு ஓரத்தில் ஒதுங்கி நிற்கும். இத்தனையிலும் ஒரு சொல் பொய் இல்லை! பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் கூகுளுக்கு 15 கோடி யூரோவும் பேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் விதித்ததாக 2022 ஜனவரியில் அறிவித்தபோது சொன்ன காரணமும் இதற்குப் பக்கத்தில்தான் வருகிறது: ஏற்க ஒரு சொடுக்கு போதும், மறுக்கப் பல சொடுக்குகள் வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டம், 25ஆம் பிரிவில், ஏமாற்றுவதோடு நிற்காமல் பயனரை ஆட்டுவிப்பதையும், அவர் சுயமாகத் தெரிந்து முடிவெடுப்பதைக் குலைப்பதையும் சேர்த்தே தடுக்கிறது. சட்டம் எழுதியவர்களுக்கே ஒரு சொல் போதவில்லை என்றால் ‘ஏமாற்று’ எப்படிப் போதும்?

‘கள்ள வடிவமைப்பு’ பற்றி அதிகம் சொல்ல இல்லை. கள்ளநோட்டு, கள்ளச்சாவி என்ற வரிசையில் அதைப் படிக்கிறவர் ‘போலியாக நகலெடுத்த வடிவமைப்பு’ என்றுதான் எடுத்துக்கொள்வார். இங்கே வடிவமைப்பு அசல்தான், நோக்கம்தான் கோணல். ‘சூது வடிவமைப்பு’ கேட்க நன்றாக இருக்கிறது, சூதுவாது என்ற பொருளும் கிடைக்கிறது. ஆனால் வீடியோ கேம் பக்கம் வந்தால் மாட்டிக்கொள்ளும். காசு கொடுத்துத் திறந்து பார்க்கிற பரிசுப் பெட்டிகள் சூதாட்டமா இல்லையா என்பது அங்கே தனி வழக்கு; பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018-இல் சில விளையாட்டுகளின் பெட்டிகளைச் சூதாட்டம் என்றே முடிவு செய்தது. ‘சூது’ அந்தச் சண்டைக்கு வேண்டும், இங்கே செலவழிக்க வேண்டாம்.

‘பொறி’யை முன்வைத்த நண்பருக்கு: ‘தேடுபொறி வைத்த பொறி’ என்று ஒருமுறை சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். விளையாட்டுக்குள் நாமே எதிரிக்கு வைக்கிற பொறி வேறு இருக்கிறது. அது விதிக்கு உட்பட்ட ஆயுதம், அதை இழிவுபடுத்தக் கூடாது.

இப்போது கண்ணி. எனக்குப் பிடித்த முதல் விஷயம், வினை தயாராக இருக்கிறது. கண்ணி வைத்தார்கள், கண்ணியில் சிக்கினேன், கண்ணியிலிருந்து தப்பினேன். பேச்சிலும் எழுத்திலும் ஏற்கனவே புழங்குகிற தொடர்கள். ‘வடிவமைப்பு’ என்று முடிகிற எந்தச் சொல்லுக்கும் இது கிடைக்காது. ‘நேற்று ஒரு ஏமாற்று வடிவமைப்புக்கு உள்ளானேன்’ என்று யார் பேசுவார்கள்?

இரண்டாவது, கண்ணி என்றாலே வைத்தவன் ஒருவன் இருக்கிறான் என்று ஆகிவிடுகிறது. மோசமான இடைமுகம் (திரையில் நாம் பார்த்துத் தொட்டுப் புழங்குகிற பகுதி) எல்லாம் டார்க் பேட்டர்ன் இல்லை. அவசரத்தில் கட்டிய செயலியில் ‘வெளியேறு’ எங்கே என்று தெரியாமல் தவிப்பது திறமைக் குறைவு. அதே பொத்தான் பதிவு செய்யும்போது கண்முன்னே இருந்து, கணக்கை நீக்கும்போது மட்டும் காணாமல் போனால் அது கண்ணி. இந்தக் கோட்டை ‘மோசமான’, ‘இருண்ட’ போன்ற அடைமொழிகள் போட்டுத் தருவதில்லை.

கேம் ஆடுகிறவர்களுக்கு ஓர் எடுத்துக்காட்டு. போர்ட்நைட் விளையாட்டின் எபிக் கேம்ஸ் நிறுவனம் 2022 டிசம்பரில் 52 கோடி டாலர் கொடுக்கச் சம்மதித்தது. அதில் 27.5 கோடி சிறுவர்களின் அந்தரங்க உரிமை பற்றிய குற்றச்சாட்டுக்கு, 24.5 கோடி இந்த வகைக் கண்ணிகளுக்கு. அமெரிக்காவின் அதே கூட்டரசு வணிக ஆணையம் சொன்னது இது: தூக்க நிலையிலிருந்து விளையாட்டை எழுப்பப் பொத்தானைத் தொட்டாலும், ஒரு பொருளை முன்னோட்டம் பார்க்கப் போய்ப் பக்கத்துப் பொத்தானில் விரல் பட்டாலும் காசு போய்விடுகிறது. போன காசை அட்டை நிறுவனம் மூலம் திரும்பக் கேட்டவர்களின் கணக்கையே பூட்டிவிட்டார்கள் என்பது அடுத்த குற்றச்சாட்டு. வாங்கிச் சேர்த்தது எல்லாம் அந்தக் கணக்குக்குள்தான் என்பதால் பலர் கேட்காமலே விட்டிருப்பார்கள். கண்ணி என்றால் இழுக்க இழுக்க இறுகும் என்பது தெரிந்ததுதானே.

> கண்ணி, கன்னி ஆகிவிடும். குரல்வழித் தட்டச்சில் நிச்சயம் ஆகும்.

ஆகும், இதற்கு என்னிடம் முழு மறுமொழி இல்லை. ‘சந்தாக் கன்னி’ என்று எங்காவது அச்சாகி நாம் சிரிக்கத்தான் போகிறோம். அதனால் தனியாக விடாமல், முதல் பயன்பாட்டில் ‘இடைமுகக் கண்ணி’ என்று எழுதிவிட்டு, பிறகு வெறும் கண்ணி என்று தொடரலாம். சட்ட ஆவணம், ஆய்வுக்கட்டுரை போன்றவற்றில் முழு வடிவமே இருக்கட்டும். சங்கிலியின் வளையத்துக்கும் பாட்டின் ஒரு வகைக்கும் கண்ணி என்ற பெயர் உண்டே என்று இன்னொருவர் கேட்டிருந்தார். உண்டு. இடைமுகம் என்ற முன்னொட்டு வந்தபின் யாரும் பாட்டைத் தேடிப் போக மாட்டார்கள்.

கிளை வகைகளுக்கு வருகிறேன். இந்தியாவின் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் அறிவித்த வழிகாட்டுநெறிகளில் 13 வகைகள் இருக்கின்றன. எல்லாவற்றின் வாலிலும் ‘கண்ணி’யைக் கட்டத் தேவையில்லை. நிறுத்த முடியாத சந்தாவுக்குச் ‘சந்தாக் கண்ணி’, சரி. ‘வேண்டாம், எனக்குப் பணத்தைச் சேமிக்கத் தெரியாது’ என்று எழுதிய பொத்தானை அழுத்தவைத்து நம்மைக் கூச வைக்கிறார்களே, அதற்குக் ‘கூச்சக் கண்ணி’. திரும்பத் திரும்பக் கேட்டுக் களைக்கவைப்பதற்கு ‘நச்சரிப்பு’ என்று பழகிய சொல் இருக்கும்போது புதிதாக எதற்கு? கடைசிப் பக்கம் வரை கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டணம் ஏறுவதைச் ‘சொட்டு விலை’ எனலாம். செய்தி போலவே வருகிற விளம்பரம் ‘மாறுவேட விளம்பரம்’. கேட்காத பொருளைக் கூடையில் சேர்த்துவிடுவதற்குக் ‘கூடைத் திணிப்பு’ என்று எழுதிப் பார்த்தேன். ஆனால் திணிப்பு என்றால் எதிரே நின்று செய்வது, இவர்கள் செய்வதோ பின்னால் நின்று நைசாகப் போடுவது. ‘கூடைச் செருகல்’ கொஞ்சம் நெருங்கி வருகிறது.

இன்னொன்று, இது மொழிபெயர்ப்பாளர்களான நம் கையில் இருக்கிறது. சந்தாவை நிறுத்தப் போகும்போது ‘சந்தாவை ரத்து செய்யவா?’ என்று ஒரு பெட்டி வருகிறது. கீழே இரண்டு பொத்தான்கள்: ‘ரத்து’, ‘தொடர்’. ‘ரத்து’ என்றால் சந்தா ரத்தா, அல்லது ரத்து செய்வதே ரத்தா? ‘தொடர்’ என்றால் சந்தா தொடருமா, ரத்து வேலை தொடருமா? மூலத்தில் இருந்த குழப்பம்தான், ஆனால் திரையில் வரும் சொற்கள் சரம் சரமாகத் தனியே பிரித்து நமக்கு வருவதால், எந்தப் பெட்டியில் எந்தப் பொத்தான் என்று பார்க்காமலே ஒப்பேற்றி அனுப்பிவிடுகிறோம். தமிழில் இதைத் தீர்ப்பது மிகச் சுலபம். ‘சந்தாவை நிறுத்து’, ‘சந்தா இருக்கட்டும்’ என்று செயப்படுபொருளோடு எழுதினால் முடிந்தது. மூல நிறுவனம் வேண்டுமென்றே குழப்பியிருந்தாலும் நம் மொழிபெயர்ப்பு தெளிவாக இருப்பதில் எந்த விதிமீறலும் இல்லை. பொத்தான் நீளம் போதவில்லை என்று திருப்பி அனுப்புவார்கள். அப்போது ‘நிறுத்து’, ‘வேண்டாம், இருக்கட்டும்’ என்று சுருக்கலாம். ‘ரத்து’ மட்டும் வேண்டவே வேண்டாம்.

ஆக, சொற்பட்டியலில் சேர்க்க நான் முன்வைப்பது: டார்க் பேட்டர்ன் என்பதற்கு இடைமுகக் கண்ணி, சுருக்கமாகக் கண்ணி. ‘ஏமாற்று வடிவமைப்பு’ இரண்டாம் நிலையில், பொய்த்தகவல் தரும் வகைகளுக்கு மட்டும். கூடை விஷயத்தில் செருகலைவிட நல்லது யாருக்காவது தோன்றினால் இதே இழையில் எழுதுங்கள். குழப்பமாகக் கேட்டு நாம் நினைக்காத பதிலைச் சொல்லவைக்கும் வகைக்குக் ‘குதர்க்கக் கேள்வி’ என்று ஒருவர் எழுதியிருந்ததை அப்படியே எடுத்துக்கொள்ளலாம், எனக்குச் சம்மதம்.