பவுடர் கோட்டிங், எக்ஸ்பேன்ஷன்: ஈயக் குண்டு இயலுக்கு இரண்டு சொற்கள் வேண்டும்

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

தடயவியல் மாணவர்களுக்கான கைத்துப்பாக்கி நூல் ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வீட்டிலேயே வார்க்கப்படும் ஈயக் குண்டுகளைப் பற்றிய இயல் வெள்ளிக்கிழமைக்குள் அச்சுக்குப் போக வேண்டும். இரண்டு சொற்களில் வேலை நின்றுவிட்டது. முதலாவது பவுடர் கோட்டிங். பாலியெஸ்டர் போன்ற பிசினின் உலர்ந்த பொடியோடு குண்டுகளை பிளாஸ்டிக் டப்பாவில் இட்டுக் குலுக்கினால், உராய்வில் பிறக்கும் நிலைமின்னூட்டத்தால் பொடி ஈயத்தின்மேல் ஒட்டிக்கொள்கிறது. பிறகு ஏறத்தாழ 200 பாகை செல்சியசில் சூடேற்றும்போது அது உருகிப் பரவி இறுகி, குழலின் உட்புறத்தில் ஈயம் அப்பாமல் காக்கும் உறையாகிறது. இரண்டாவது எக்ஸ்பேன்ஷன்: இலக்கில் புகுந்த குண்டின் முனை பிளந்தோ நசுங்கியோ அகலமாவது. இப்போதைக்குப் ‘பொடிப்பூச்சு’, ‘விரிவு’ என எழுதி வைத்திருக்கிறேன். தக்கவைதாமா?

தமிழாசிரியர் எழுதியது:

ஐயா, ‘பொடிப்பூச்சு’ என்பதில் இரண்டு குறைகள் உள்ளன. ‘பொடிப் பையன்’ என்பதுபோல் சிறிய பூச்சு என்று பொருள்படும் என்பது ஒன்று. பூசுதல் என்றால் சாந்து, சந்தனம், சுண்ணாம்பு என ஈரப்பொருளே நினைவுக்கு வரும்; கரைப்பான் இல்லாமையே சிறப்பாக அமைந்த ஒரு முறைக்கு அச்சொல் ஒவ்வாது என்பது மற்றொன்று. சூட்டினால் உருவாவது ஆகலின் ‘சுடுபூச்சு’ என்று வினைத்தொகையாக்கலாம். வல்லினம் மிகாது, சொல்லும் சுருக்கமானது.

பொறியாளர் எழுதியது:

துப்பாக்கி நூலில் ‘சுடுபூச்சு’ என்று எழுதினால், மூன்று காலமும் கரந்து நிற்பதோடு இரண்டு பொருளும் கரந்து நிற்கும். அடுப்பில் சுட்டதா, துப்பாக்கியால் சுட்டதா என்று மாணவர் கேட்பார்; அதுவும் தடயவியல் மாணவர்! ‘உருகுபூச்சு’ என்று யாரேனும் முன்மொழியும் முன் அதையும் மறுத்துவிடுகிறேன். ஈயத்தின் உருகுநிலை 327.5 பாகை. அடுப்பின் சூட்டில் பிசின்தான் உருகுகிறது, குண்டு உருகுவதில்லை. சொல்லைப் பார்த்தால் எது உருகியது என்று தெரியவில்லை.

சொல்லாய்வாளர் எழுதியது:

பூசுதலுக்கு ஈரம் வேண்டும் என்பதை ஏற்பதற்கில்லை. திருநீற்றை நீரில் குழைத்தும் பூசுகிறோம், உலர்ந்தபடியேயும் பூசுகிறோம். ‘நீறு பூத்த நெருப்பு’ என்னும் வழக்கில் மெல்லிய பொடி ஒரு பரப்பின்மேல் தானாகவே படிவதைப் ‘பூத்தல்’ என்றனர். பாசி பூத்தலும் பூசணம் பூத்தலும் அவ்வாறே. ‘பூ’ என்னும் அடியிலிருந்தே ‘பூசு’ கிளைத்தது என்பது என் நெடுநாள் கருத்து. ஆகவே, எவரும் தேய்க்காமல் மின்னூட்டத்தால் தானே படியும் பொடிக்குப் ‘பூச்சு’ என்பதைவிடப் பொருத்தமான சொல் கிடைப்பது அரிது. பொடி என்பதற்குப் பதிலாகச் ‘சுண்ணம்’ என்னும் பழஞ்சொல்லையும் ஆளலாம். திருவாசகத்தின் திருப்பொற்சுண்ணம் பொடி இடிக்கும் பாட்டே அன்றோ?

தமிழாசிரியர் எழுதியது:

‘சுண்ணம்’ ‘சூர்ணம்’ என்னும் வடசொல்லின் திரிபு. தூய்மை பேசும் தாங்களே அதை உள்ளே விடுவது வியப்பாக இருக்கிறது. மேலும், இக்காலத்தவர் ‘சுண்ணப்பூச்சு’ என்றால் வெள்ளையடித்த சுவரைத்தான் நினைப்பர்.

ஈழத்து உறுப்பினர் எழுதியது:

முதன்மையான ஒன்றை விட்டுவிட்டீர்கள். ‘குண்டு’ என்றால் வெடிகுண்டும் ஆகும். ‘தோட்டா’ என்றால் வெடிமருந்தும் வெளிக்கூடும் சேர்ந்த முழுப்பொருள். இங்கே பூசப்படுவது பறந்து செல்லும் ஈயத்துண்டு மட்டுமே. எங்கள் வழக்கில் அதற்குச் ‘சன்னம்’ என்ற சொல் உண்டு. ‘வார்ப்புச் சன்னம்’ என்றால் மயக்கமே இல்லை.

பொறியாளர் எழுதியது:

நல்ல சொல். ஆனால் தமிழ்நாட்டு வாசகர் ‘சன்னமான துணி’ என்பதோடு குழப்பிக்கொள்வார். முதல் வருகையில் ‘சன்னம்’ என்பதை விளக்கிவிட்டு, பிறகு குண்டு என்றே தொடரலாம்.

‘விரிவு’ எனக்கு அதைவிடக் கவலை தருகிறது. இயலின் முற்பகுதியில் அடுப்பும் வெப்பமும் வருகின்றன. பிற்பகுதியில் ‘விரிவுச் சோதனை’ என்று கண்டதும் வெப்ப விரிவு என்றே எண்ணுவார்கள். விரிவில் பருமன் கூடும். இங்கோ பருமன் மாறுவதில்லை. குண்டின் நீளம் குறைந்து விட்டம் கூடுகிறது. பத்து விழுக்காடு ஜெலட்டின் கட்டிக்குள் சுட்டு, மீட்டெடுத்த குண்டின் விட்டத்தைப் பழைய விட்டத்தோடு ஒப்பிடுவதே அச்சோதனை. எனவே ‘அகல்வு’ என்பது பொருந்தும்.

சொல்லாய்வாளர் எழுதியது:

முனையில் குழியுள்ள குண்டு இதழ் இதழாகப் பிளந்து திறக்கிறது. கண்ணுக்குத் தெரிவதைச் சொல்வதானால் ‘மலர்வு’ என்க.

தமிழாசிரியர் எழுதியது:

உடலைக் கிழிக்கும் ஒன்றுக்கு மலரின் பெயரா? என் மாணவர்முன் அச்சொல்லை என்னால் சொல்ல இயலாது.

பொறியாளர் எழுதியது:

நயம் ஒருபுறம் இருக்கட்டும். குழியில்லாத மென்மையான ஈயம் மலர்வதில்லை, நசுங்கித் தட்டையாகிறது. போரில் ஆளும் குண்டுகளைப் பற்றிய 1899 ஆம் ஆண்டின் ஹேக் அறிவிக்கையும் மனித உடலில் எளிதில் விரிகிற அல்லது தட்டையாகிற குண்டுகள் என்று இரண்டு வினைகளைத் தனித்தனியே சொல்லியே தடை செய்தது. இரண்டையும் அடக்கும் பொதுச்சொல் ‘அகல்வு’தான். பூச்சும் அகல்வும் ஓர் இயலில் வருவதற்கும் காரணம் உண்டு: ஆன்டிமனி என்னும் தனிமம் மிகுதியாகக் கலந்த கடின ஈயம் எளிதில் அகலாது, நொறுங்கவும் கூடும், மென்மையான ஈயம் நன்றாக அகலும், ஆனால் குழலில் அப்பும். பூச்சு இருந்தால் மென்மையான கலவையையே துணிந்து பயன்படுத்தலாம்.

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. ‘பூச்சு’ என்பதே பொருந்தும் என்று சொல்லாய்வாளர் காட்டியுள்ளார். ‘அகல்வு’ பொறியாளர் தந்தது, ‘மலர்வு’ சொல்லாய்வாளர் தந்தது. நாள் நெருங்கிவிட்டதால் ‘பொடிப்பூச்சு’, ‘அகல்வு’ என்றே அனுப்புகிறேன். ‘சன்னம்’ அடைப்புக்குறிக்குள் ஒருமுறை வரும்.

சொல்லாய்வாளர் எழுதியது:

அனுப்புங்கள். ஆனால் ‘அகல்’ என்பது விளக்கையும் குறிக்கும் என்பதை எவரும் எண்ணிப் பார்க்கவில்லை. குழிமுனைக் குண்டின் படத்துக்குக் கீழேயாவது ‘மலர்ந்த நிலை’ என்று போடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தமிழாசிரியர் எழுதியது:

அதற்கும் என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். ‘திறந்த நிலை’ போதும்.