நிலைமீட்பு, உருமீட்பு: பழைய மசில் காரைச் சரிசெய்யும் வேலைக்கு இரண்டு சொற்கள்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். பழைய அமெரிக்க மசில் கார்களை, அதாவது வலுவான பெரிய இன்ஜின் பொருத்திய கார்களை, வீட்டில் வைத்தே பிரித்துச் சரிசெய்யும் வேலையைப் பற்றித் தமிழில் ஒரு கையேடு எழுதி வருகிறேன். முதல் பக்கத்திலேயே சொல் இடறியது. ‘ரெஸ்டரேஷன்’ என்பதற்குப் ‘புதுப்பித்தல்’ என்று எழுதிவிட்டு மறுநாள் படித்தால், நான் சொல்ல வந்ததற்கு நேர்மாறான பொருளை அச்சொல் தந்துகொண்டிருந்தது. இந்த வேலையில் இறங்கியவர்கள் காரைப் புதிதாக்க முயல்வதில்லை. அது தொழிற்சாலை வாசலைத் தாண்டிய அன்று எப்படி இருந்ததோ அப்படியே கொண்டுவந்து நிறுத்தப் பார்க்கிறார்கள். அன்றிருந்த குறைகளும் அதில் அடக்கம். அடித்தகட்டில் ஒழுங்கில்லாமல் தெறித்த பெயிண்ட் தூவலையும், இன்ஜினுக்குப் பின்னாலுள்ள தகட்டுச் சுவரில் ஆய்வாளர் வண்ணக்கட்டியால் இட்ட கிறுக்கலையும்கூடப் பழைய புகைப்படங்களைப் பார்த்து அதே இடத்தில் திரும்ப இடுகிறார்கள். தொழிற்சாலை கொடுத்ததைவிடப் பளபளப்பாகப் பெயிண்ட் அடித்தால் அது மிகை என்று குறை சொல்பவர்கள் உண்டு. இதைப் புதுப்பித்தல் என்று சொன்னால் வேலையின் நோக்கமே தலைகீழாகிவிடுகிறது. வேறு சொல் கேட்டு உங்களுக்கு எழுதியிருந்தேன், பலரும் பரிந்துரைகள் அனுப்பியிருந்தீர்கள்.

‘பழுதுபார்த்தல்’ என்றே சொல்லிவிடலாமே என்று ஒருவர் கேட்டிருந்தார். வேறுபாட்டை என் காரிலிருந்தே காட்டுகிறேன். அது 1967-ஆம் ஆண்டு ஃபோர்டு மஸ்டாங். முன்கண்ணாடிக்குக் கீழே காற்று உள்ளே போவதற்கான வரிசைத் துளைகள் இருக்கின்றன. அவற்றில் ஒரு சொம்பு தண்ணீரை மெதுவாக ஊற்றினேன். நியாயமாக அது பக்கவாட்டில் ஓடிச் சக்கரத்தின் அருகே வெளியேறியிருக்க வேண்டும். பத்து விநாடிக்குள் டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து சொட்டுச் சொட்டாகக் கால்மிதியில் விழத் தொடங்கியது. உள்ளே காற்றுத் துளையைச் சுற்றி உயர்ந்து நிற்க வேண்டிய விளிம்பு துருவில் உதிர்ந்துபோயிருந்தது. மேலிருந்து கையை விட்டுப் பசையைத் தடவி ஒழுக்கை நிறுத்தியிருந்தால் அது பழுதுபார்த்தல். நான் செய்தது வேறு: மேல்தகட்டைப் பிடித்திருந்த ஸ்பாட் வெல்டிங் புள்ளிகளை ஒவ்வொன்றாகத் துளையிட்டு எடுத்து, தகட்டை முழுதாகக் கழற்றி, உள்விளிம்புக்கு அதே அளவில் புதுத்தகடு வைத்து, மூடும்போது பழைய புள்ளிகள் இருந்த இடங்களிலேயே, அதே எண்ணிக்கையில் வெல்டிங் வைத்தேன். ஒழுக்கு நிற்பது இரண்டுக்கும் பொது. ஆனால் முதல் வேலைக்கு ஒழுக்கு நின்றதா என்பது மட்டுமே கேள்வி. இரண்டாவதற்கு அந்தத் தகடு அன்று எப்படி இருந்தது என்பதும் கேள்வி.

இனி, வந்த பரிந்துரைகள். ‘சீரமைப்பு’ சாலைக்கும் நிர்வாகத்துக்கும் போய்விட்டது. ‘மீட்டமை’ என்பது கைபேசியில் ரீசெட் பொத்தானாக உட்கார்ந்திருக்கிறது. ‘மீட்பு’ நல்ல சொல்தான், ஆனால் ‘கார் மீட்பு’ என்று நாளிதழில் தலைப்பு வந்தால், திருடுபோன கார் கிடைத்தது என்றோ, கிணற்றில் விழுந்ததைக் கிரேன் வைத்துத் தூக்கினார்கள் என்றோதான் யாரும் புரிந்துகொள்வோம்.

‘மீளுருவாக்கம்’ என்பதை இருவர் வலியுறுத்தியிருக்கிறார்கள். அதை வேறொன்றுக்காகச் சேமித்து வைக்க வேண்டும் என்பது என் கருத்து. 1964-இல் பான்டியாக் நிறுவனம், டெம்பெஸ்ட் லெமான்ஸ் என்ற நடுத்தர அளவுக் காரில் 389 கன அங்குல, அதாவது ஏறத்தாழ 6.4 லிட்டர் இன்ஜினை வைத்தது. மசில் கார் காலம் அங்கிருந்து தொடங்கியதாகப் பலரும் கணக்கிடுகிறார்கள். அப்போது ‘ஜிடிஓ’ என்பது தனி மாடல் அன்று, கூடுதல் பணம் கட்டிக் கேட்டுப் பெறும் ஒரு தொகுப்பு. 1966-இல்தான் அது தனி மாடலானது. ஆகவே சாதாரண லெமான்ஸ் ஒன்றை வாங்கி, வேறு இன்ஜினையும் பானட்டையும் பெயர்ப்பட்டைகளையும் பொருத்தி ஜிடிஓ போலவே ஆக்கிவிட முடியும். அப்படி ஆக்குபவர்களில் நேர்மையானவர்கள் அதை ‘குளோன்’ என்று சொல்லியே விற்பார்கள். அந்தக் கார் ஒருநாளும் ஜிடிஓவாக இருந்ததில்லை, எனவே அதில் மீட்பதற்கு ஒன்றுமில்லை. உருவாக்குவது மட்டுமே நடக்கிறது. மீளுருவாக்கம் என்ற சொல் இதற்குத்தான் அச்சாகப் பொருந்துகிறது. அதையே ரெஸ்டரேஷனுக்கும் கொடுத்தால், விற்பவரும் வாங்குபவரும் எங்கே மிகத் தெளிவாகப் பேச வேண்டுமோ அங்கே இரண்டும் கலங்கிவிடும்.

ஆகவே நான் முன்வைப்பது ‘நிலைமீட்பு’. இங்கே மீட்கப்படுவது பொருள் அன்று, அதன் நிலை. ‘நிலை’ என்ற முன்சொல் வந்ததும் கிணறும் கிரேனும் மறைந்துவிடுகின்றன. நிலைமீட்டல், நிலைமீட்ட கார், நிலைமீட்பாளர் என்று இயல்பாக விரிகிறது. யாரும் பிரிக்காமல் அசலாகவே தங்கிவிட்ட காரைக் ‘கைபடாத கார்’ என்று சொன்னால் போதும், அதற்குப் புதுச்சொல் தேவையில்லை. அதுபோலவே, பள்ளத்தை நிரப்பித் தேய்ப்பதற்குப் ‘பட்டி பார்த்தல்’ என்று ஒர்க்‌ஷாப்பில் உயிரோடிருக்கும் சொல்லை விட்டுவிட்டு ‘நிரப்புப்பசை பூசுதல்’ என்று எழுதச் சொன்ன நண்பரை அன்போடு மறுக்கிறேன்.

அடுத்து ‘ரெஸ்டோமாட்’. வெளித்தோற்றம் 1960-களில் இருந்தபடியே இருக்கும். உள்ளே கார்பரேட்டர் போய் எரிபொருள் இன்ஜெக்‌ஷன் வந்திருக்கும், டிரம் பிரேக் போய் நான்கு சக்கரத்திலும் டிஸ்க் வந்திருக்கும். இதற்கு ‘உருமீட்பு’ என்ற சொல்லைப் பரிந்துரைக்கிறேன். நிலை முழுவதும் மீளவில்லை, உரு மட்டும் மீண்டது என்பதை அச்சொல்லே சொல்லிவிடுகிறது. அருகருகே வைத்துப் படிக்கும்போது இரண்டும் ஒன்றையொன்று விளக்கிக்கொள்கின்றன.

இன்ஜினில் பொறித்த எண் காரின் அடையாள எண்ணோடு ஒத்துப்போவதைச் சொல்லும் ‘நம்பர்ஸ் மேட்சிங்’ என்பதற்கு ‘எண் பொருத்தம்’ என ஏற்கெனவே ஒருவர் எழுதியது சிறப்பு. ஆனால் அது எல்லாக் காருக்கும் செல்லாது. 1968-க்கு முந்தைய சாதாரண மஸ்டாங் இன்ஜின்களில் ஃபோர்டு காரின் அடையாள எண்ணைப் பொறிக்கவில்லை. என் காரில் ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு மேலே எண்ணெய்ப் பிசுக்கைச் சுரண்டியபோது கிடைத்தது ‘7ஏ12’ என்ற வார்ப்புக் குறி மட்டுமே: 1967 ஜனவரி 12. கதவுத் தகட்டில் ‘20பி’, அதாவது பிப்ரவரி 20. இன்ஜின் வார்க்கப்பட்டு ஐந்தாறு வாரத்தில் கார் உருவாகியிருக்கிறது என்பதால் தேதி ஒத்துப்போகிறது. இதே இன்ஜின்தானா என்பதற்கு அது சான்றாகாது. இதை எண் பொருத்தத்திலிருந்து பிரித்துத் ‘தினப் பொருத்தம்’ என்று சொல்லலாம். ஜாதகம் பார்ப்பவர்கள் சிரித்தாலும் சரி, சொல் மறக்காது.

அன்புடன்.

* * *

அன்புள்ள ஐயா,

தங்கள் மடலை இருமுறை படித்தேன். மீளுருவாக்கத்தைக் குளோனுக்கு ஒதுக்கியதை முழுமனத்துடன் ஏற்கிறேன். நிலைமீட்பில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு: எந்த நிலை? தொழிற்சாலை வாசல் என்கிறீர்கள். 1967-இல் டான் யென்கோ என்ற அமெரிக்கக் கார் விற்பனையாளர் தம் விற்பனை நிலையத்திலேயே செவர்லே காமரோக்களின் இன்ஜினைக் கழற்றிவிட்டு, 427 கன அங்குல, அதாவது 7 லிட்டர் இன்ஜினைப் பொருத்தி விற்றார். இன்று அவற்றின் மதிப்பே அந்த மாற்றத்தில்தான் இருக்கிறது. தங்கள் வரையறையை எழுத்தெழுத்தாகப் பின்பற்றும் ஒருவர் அந்த 427-ஐக் கழற்றி எறிந்துவிட்டு, இதுதான் நிலைமீட்பு என்று சொல்ல முடியும்.

உருமீட்பிலும் ஒரு விரிசல் தெரிகிறது. தங்களுடையது போன்ற மஸ்டாங்கில் ஃபோர்டின் பிற்காலக் கயோட்டி இன்ஜினை ஏற்ற வேண்டுமானால், அதன் அகலத்துக்கு இடம்விட, முன்பக்க ஷாக் அப்சார்பரைத் தாங்கும் தகட்டுக் கோபுரங்களை வெட்ட வேண்டியிருக்கிறது. இன்னொருவர் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் பாயிண்டை எடுத்துவிட்டு எலெக்ட்ரானிக் இக்னிஷன் வைக்கிறார். நாளைக்கே இரண்டு திருகைக் கழற்றினால் பழையபடி ஆகிவிடும். இரண்டிலும் வெளியுரு மாறவில்லை என்பதற்காக இரண்டையும் உருமீட்பு என்ற ஒரே கூடையில் போடுவது சரியா?

‘கஸ்டமைசேஷன்’ பற்றித் தாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. மென்பொருள்காரர்களின் ‘தனிப்பயனாக்கம்’ இங்கே ஒட்டாது. கூரையைத் தாழ்த்தி வெட்டுவதிலும் பக்கவாட்டில் தீச்சுடர் வரைவதிலும் பயன் எங்கே இருக்கிறது? இறுதியாக, மசில் காருக்குத் ‘தசைக்கார்’ என்பதைவிட ‘மல்லுந்து’ எப்படி? பேருந்து, மகிழுந்து என்ற வரிசையில் சேரும். மல்லுக்கு நிற்பது என்ற வழக்கும் உடன் வரும்.

பணிவன்புடன்.

* * *

அன்புள்ள ஐயா,

யென்கோ எடுத்துக்காட்டு என்னை மடக்கிவிட்டது. ஆயினும் குறை என் வரையறையில்தான் இருக்கிறது, சொல்லில் இல்லை என்று தோன்றுகிறது. ‘எந்த நிலை?’ என்ற கேள்வியைப் புதுப்பித்தல் என்ற சொல் எழுப்பியிருக்காது. நிலைமீட்பு அதைக் கேட்டே தீர வைக்கிறது. எனவே கையேட்டில் இப்படித் திருத்தி எழுதியிருக்கிறேன்: ‘ஒரு கார் குறிப்பிட்ட ஒரு நாளில் இருந்த நிலைக்கு, கிடைக்கும் சான்றுகளின்படி அதைத் திருப்பிக் கொண்டுவருதல், அந்த நாள் எது என்பதை வேலை தொடங்கும்முன் எழுதிவைக்க வேண்டும்.’ யென்கோ காருக்கு அந்த நாள், அது அவருடைய நிலையத்திலிருந்து வாடிக்கையாளர் கைக்குப் போன நாள்.

வெட்டியதும் வெட்டாததும் வேறு என்பதை மறுக்க வழியில்லை. கூடையைப் பிரிக்காமல் அடைமொழி கொடுக்கலாம்: ‘வெட்டுருமீட்பு’ என்று எழுதிப் பார்த்தேன், வாயில் நுழையவில்லை. ‘மீள்தகு மாற்றம்’, ‘மீளா மாற்றம்’ என்று தனித்தனியே வைத்துக்கொண்டு, ‘மீள்தகு மாற்றங்களுடன் உருமீட்பு’ என்று விரித்து எழுதுவதே தெளிவு. கஸ்டமைசேஷனுக்கு ‘விருப்பமைப்பு’ என்று வைத்திருக்கிறேன். அங்கே சான்று பேசுவதில்லை, உரிமையாளரின் விருப்பம் மட்டுமே பேசுகிறது.

மல்லுந்து எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. ஆனாலும் கையேட்டில் மசில் கார் என்றே விட்டுவிடப் போகிறேன். அது 1964 முதல் 1970-களின் தொடக்கம் வரை ஒரு நாட்டில் ஓடிய கார்களுக்குப் பின்னாளில் நிலைத்துவிட்ட பெயர். வேலையைக் குறிக்கும் சொல்லைத் தமிழாக்குவது போலப் பெயரைத் தமிழாக்கத் தேவையில்லை. கறாராகப் பார்த்தால் சிறிய 289 கன அங்குல இன்ஜினோடு வந்த என் மஸ்டாங்கே அந்த வகையில் சேராது, ‘போனி கார்’ என்பார்கள். அதையும் தமிழாக்கி மட்டக்குதிரை உந்து என்று எழுதும் துணிவு எனக்கில்லை.

ஒரு சிக்கலை மட்டும் திறந்தே வைக்கிறேன். என் கார் நான்கு டிரம் பிரேக்குகளோடு விற்கப்பட்டது. அதே 1967-இல் ஃபோர்டு முன்சக்கர டிஸ்க் பிரேக்கைக் கூடுதல் விருப்பமாகக் கொடுத்ததால், அந்த ஆண்டின் அசல் பாகங்களையே தேடி வாங்கிப் பொருத்தினேன். அந்த மாடலுக்கு அது அசல். இந்தக் காருக்கு இல்லை. நிலைமீட்பு என்று சொல்லவே மனம் ஆசைப்படுகிறது. ஆனால் கதவுத் தகட்டில் பிரேக்கைப் பற்றி ஒன்றுமே இல்லாததால், கேட்பவரிடம் நானாகச் சொன்னாலொழிய யாருக்கும் தெரியாது என்பதே எனக்கு உறுத்துகிறது. ஆகவே என் குறிப்பேட்டில் நேற்று ‘மீள்தகு மாற்றம்’ என்ற தலைப்பின் கீழ் அதை எழுதி, கழற்றிய டிரம்களுக்கு எண்ணெய் தடவிச் சாக்கில் கட்டிப் பரணில் வைத்திருக்கிறேன்.

அன்புடன்.