வீட்டுக் குழு: மாட்டுக்குக் கடல்பாசி

பெரியப்பா: மாட்டுக்குக் கடல்பாசி கொடுத்தால் ஏப்பத்தில் வரும், பூமியைச் சூடாக்கும் மீத்தேன் வாயு குறையும் என்று ஒரு காணொளி வந்தது. பாம்பனில் பாசி எடுப்பவரிடம் ஒரு மூட்டை சொல்லிவிடட்டுமா? நம் நான்கு கறவைக்கும் ஆகும்.

செல்வி: பெரியப்பா, தயவுசெய்து வேண்டாம். அந்தப் பாசி வேறு. பாம்பன், மண்டபம் பக்கம் மிதவையில் வளர்ப்பது கப்பாஃபைகஸ். அதிலிருந்து உணவைக் கெட்டியாக்கும் காரகீனன் என்ற பொருளை எடுக்கிறார்கள். மீத்தேனை நன்றாகக் குறைத்தது அஸ்பராகோப்சிஸ் என்ற சிவப்புப் பாசி.

பெரியம்மா: இரண்டும் கடலில் விளைவதுதானே?

செல்வி: முருங்கையும் எருக்கும் ஒரே மண்ணில்தான் வளர்கின்றன பெரியம்மா, இரண்டையும் சமைப்போமா? அந்தச் சிவப்புப் பாசியில் புரோமோஃபார்ம் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. மாட்டின் முதல் வயிற்றில் தீனி புளிக்கும்போது நுண்ணுயிர்கள் மீத்தேன் உண்டாக்குவதை அதுதான் தடுக்கிறது. அளவு மிக முக்கியம்.

சித்தப்பா: பால் குறையுமா? எனக்கு அதுதான் கவலை.

செல்வி: கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் 12 கறவை மாடுகளுக்குக் கொடுத்துப் பார்த்து 2019-இல் வெளியிட்டார்கள். தீவனத்தில் 1 சதவீதம் கலந்தபோது மீத்தேன் 67 சதவீதம் குறைந்தது. ஆனால் மாடுகள் தீனியை 38 சதவீதம் குறைத்துக்கொண்டன, பாலும் ஏறத்தாழ 12 சதவீதம் இறங்கியது. அரை சதவீதம் கலந்தபோது மீத்தேன் 26 சதவீதம் குறைந்தது, பால் இறங்கவில்லை.

சித்தப்பா: அண்ணா, மூட்டை வேண்டாம்.

பெரியப்பா: விட்டுவிட மனம் வரவில்லை தம்பி. காற்றோடு போவது நான் காசு கொடுத்து வாங்கிய பிண்ணாக்கின் சத்துதானே?

செல்வி: உண்மைதான் பெரியப்பா. தின்ற தீனியின் சக்தியில் 2 முதல் 12 சதவீதம் வரை மீத்தேனாகப் போய்விடுகிறது. ஆனால் நார் அதிகமுள்ள தீனி தின்னும் மாடுகளில் பாசியின் பலன் குறைவு என்று 2021-இல் இறைச்சி மாடுகளில் செய்த ஆய்வு காட்டியது. நம் மாடுகள் பாதி நாள் வைக்கோல்தான் தின்கின்றன.

பெரியப்பா: அப்படியானால் நான் இப்போது செய்யக்கூடியது எது?

செல்வி: வைக்கோலோடு வேலிமசால் என்ற பசுந்தீவனச் செடியைச் சேருங்கள். எளிதில் செரிக்கும் தீவனம் கூடினால் பால் கூடும், லிட்டருக்கு வெளியாகும் மீத்தேன் குறையும். இதற்குக் கடலுக்குப் போக வேண்டாம்.

பெரியம்மா: கிணற்றடி வரப்பு சும்மாதான் கிடக்கிறது. விதைக்கு எங்கே போவது?

செல்வி: வெள்ளிக்கிழமை ஊருக்கு வரும்போது ஒரு கிலோ கொண்டுவருகிறேன். விதையின் தோல் கெட்டி, வெந்நீரில் சில நிமிடம் போட்டு எடுத்த பிறகுதான் விதைக்க வேண்டும். நான் வரும்வரை வரப்பைக் கொத்தி வையுங்கள்.