கொலிமா போனவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

நண்பர்களே, வணக்கம். வரும் நவம்பரில் அம்மாவுடன் மெக்சிகோவின் பசிபிக் கரையில் உள்ள கொலிமா மாநிலத்துக்குப் போகிறேன். மன்சனீயோவில் தங்கி, அப்புறம் கொலிமா நகரம், கோமாலா என்று திட்டம்.

போன தடவை எனக்கு ஒரு நாள்தான் கிடைத்தது. கூயுத்லான் கடற்கரையின் கறுப்பு மணல் மத்தியானத்தில் உள்ளங்காலைச் சுட்டுவிட்டது. கொலிமாவில் தென்னம்பாளையிலிருந்து இறக்கும் தூபா என்ற பானத்தை, மேலே வேர்க்கடலை தூவிக் கொடுத்தார்கள். அந்த ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது. ஆனால் கொலிமா எரிமலையை மட்டும் மேகம் மூடிவிட்டது. அந்த ஏக்கம் இன்னும் தீரவில்லை.

எரிமலை அடிக்கடி குமுறுவது, 2015இல் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களை வெளியேற்றியது எல்லாம் தெரியும். அதனால் அதன் பக்கம் போகப்போவதில்லை, கோமாலாவிலிருந்து பார்த்தாலே போதும். காலையில் எத்தனை மணிக்குத் தெளிவாகத் தெரியும்? பக்கத்து நெவாதோ சிகரம் 4,200 மீட்டருக்கும் மேல். 62 வயது அம்மாவை வண்டியில் எதுவரை கூட்டிப்போகலாம்? கூயுத்லானில் ஆமைக்குஞ்சுகளைக் கடலில் விடுவதை நவம்பரில் பார்க்க முடியுமா?

முக்கியமாக, பாதுகாப்பு. அங்கே வன்முறை அதிகம் என்கிறார்கள். மன்சனீயோவிலிருந்து பகலில் பேருந்தில் போவது நல்லதா, தெரிந்த ஓட்டுநருடன் காரில் போவதா? சமீபத்தில் போய்வந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.