டெலிவரி கட்டணம் தூரத்துக்கு இல்லை, நிற்கிற நேரத்துக்கு

பக்கத்துத் தெருக் கடைக்கு இவ்வளவு கட்டணமா என்று கேட்பவர்களுக்கு, கொஞ்ச காலம் பகுதி நேரமாக டெலிவரி ஓட்டியவன் சொல்கிறேன்: நேரம் ஓட்டத்தில் போவதைவிட நிற்பதில்தான் போகிறது. ஆப்பில் ஆர்டர் தயார் என்று காட்டும், போனால் கவுண்டரில் நாலைந்து பேர் ஆளுக்கொரு போனை நீட்டிக்கொண்டு நிற்பார்கள், உள்ளே இன்னும் சமையலே ஆரம்பித்திருக்காது. அப்புறம் அபார்ட்மெண்ட் வாசலில் செக்யூரிட்டியிடம் பேர் எழுதி, லிஃப்ட் வரக் காத்திருந்து மேலே போனால் கதவு திறக்காது, போனும் எடுக்கமாட்டார்கள்.

மணிக்கு மூன்று ஆர்டர் முடிந்தால் அந்த மணி நேரக் கூலி மூன்றாகப் பிரியும். காத்திருந்து காத்திருந்து அது இரண்டானால் ஓர் ஆர்டருக்கு ஆகிற கூலிச் செலவு ஒன்றரை மடங்கு ஆகிவிடும். இந்தச் சுமை உங்கள் பில்லில் முழுசாக ஏறாமல் இருந்தது, நாங்கள் சுமந்ததால். எங்களுக்கு ஆர்டர் கணக்கில்தான் காசு, நிற்கிற நேரத்துக்கு ஒன்றும் கிடையாது, பெட்ரோலும் டயரும் கைக்காசு.

நியூயார்க் நகரம் 2023 டிசம்பரில் இதை மாற்றியது. ஆர்டருக்காகக் காத்திருக்கும் நேரத்தையும் கணக்கில் சேர்த்து அப்போது மணிக்கு 17.96 டாலர் குறைந்தபட்சக் கூலி என்று வைத்தார்கள், டிப்ஸ் தனி. ஆப்கள் கட்டணத்தை ஏற்றின, ஒரே நேரத்தில் எத்தனை டெலிவரி ஆட்கள் லாகின் செய்யலாம் என்பதற்கும் கட்டுப்பாடு வைத்தன. இன்னொரு அமெரிக்க நகரமான சியாட்டிலில் 2024 ஜனவரியில் இதுபோல ஒரு சட்டம் வந்ததும் ஆர்டருக்குச் சுமார் 5 டாலர் கூடுதல் கட்டணம் போட்டார்கள், ஆர்டர்களும் குறைந்தன. அதனால் கூலி ஏறினால் விலை ஏறாது என்று நான் சொல்லமாட்டேன், ஏறும். ஆனால் காத்திருப்புக்குக் காசு கொடுத்தாக வேண்டும் என்று வந்தால்தான் அதைக் குறைக்க வேண்டும் என்ற எண்ணமே கம்பெனிக்கு வரும், ஓசியில் ஆள் நிற்கிறவரை யாருக்கு என்ன அவசரம்?

ஒருமுறை ஒரு அம்மா பில்லைக் காட்டி, "இதுல உனக்கு எவ்வளவுப்பா வரும்?" என்று கேட்டார். அன்றைக்கு ஒரே வழியில் இரண்டு ஆர்டர் சேர்த்துக் கொடுத்திருந்தார்கள், அவருடையது இரண்டாவது, எனக்கு அதற்குப் பாதிக் கூலிகூட இல்லை, அவரிடம் மட்டும் முழு டெலிவரி கட்டணம். சொன்னேன், நம்பவில்லை, போனில் காட்டின பிறகுதான் நம்பினார். கட்டணத்தை ஏற்றும்போது அதில் ஓட்டுபவருக்குப் போவது எவ்வளவு என்று பில்லிலேயே தனி வரியாகப் போடச் சொல்லிக் கேளுங்கள், நாங்கள் கேட்டு நடக்கவில்லை.