‘லாஜிஸ்டிக்ஸ்’ என்ற சொல் உங்களை எங்கே இடறவைத்தது?

நாகை மொழிபெயர்ப்பாளர்:
2005 ஜனவரி, நாகப்பட்டினம். சுனாமி நிவாரணக் கூட்டம். வெளிநாட்டுத் தொண்டர் பேசப் பேச நான் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். ‘லாஜிஸ்டிக்ஸ்தான் பெரிய சிக்கல்’ என்றார். அகராதி நினைவில் ‘தளவாடங்கள்தான் பெரிய சிக்கல்’ என்றேன். மீனவர் பஞ்சாயத்துப் பெரியவர் ஒருவர் எழுந்துவிட்டார். “தளவாடம் எதற்கம்மா? நாங்கள் போருக்கா போகிறோம்? அரிசி வந்து ஐந்து நாளாகிறது. வடிக்கப் பானையும் இல்லை, எரிக்க விறகும் இல்லை. பழந்துணி மட்டும் சாலையோரம் மலையாகக் கிடக்கிறது.” தொண்டர் சொல்ல வந்தது முழுவதும் அந்தப் பேச்சில் இருந்தது. அன்று என் வாயில் வந்திருக்க வேண்டிய சொல்லை இன்றும் தேடுகிறேன்.

நாமக்கல் லாரி வீட்டுப் பிள்ளை:
அப்பாவின் லாரி புக்கிங் ஆபீஸ் போர்டில் ‘டிரான்ஸ்போர்ட்’ என்பதை அழித்து ‘லாஜிஸ்டிக்ஸ்’ என்று நான்தான் எழுதவைத்தேன். பெயிண்டர் ஏணியில் நிற்கும்போதே அப்பா கேட்டார், இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று. சரக்கை ஏற்றி இறக்குவது டிரான்ஸ்போர்ட். எது எந்தக் கிடங்கில் எத்தனை நாள் இருக்க வேண்டும், எப்போது கிளம்ப வேண்டும் என்பதையும் சேர்த்துப் பார்ப்பது லாஜிஸ்டிக்ஸ் என்றேன். “கேரளத்துக்கு முட்டை ஏற்றும் முன்பே ரிட்டர்ன் லோடு பேசி வைக்கிறேனே, அது எதில் சேரும்?” என்றார். முப்பது வருடமாக அவர் செய்துவந்த வேலைக்குப் பெயர் வைக்க நான் யார் என்று நின்றுவிட்டேன்.

யாழ்ப்பாணத்து ஆசிரியர்:
எங்கள் பக்கம் தளபாடம் என்றால் மேசை, கதிரை, அலுமாரி. தமிழகத்தில் அச்சான சுகாதாரப் பயிற்சிக் கையேட்டில் ‘தளவாட மேலாண்மை’ என்றிருந்தது. அச்சுப்பிழை என்று எண்ணி இரவோடிரவாக எல்லாப் பிரதியிலும் ‘தளபாடம்’ என்று திருத்தினேன். காலையில் ஒரு தாதி கேட்டார்: “மருந்து வராததற்கும் கதிரைக்கும் என்ன தொடர்பு, சேர்?” அந்தக் கேள்வி இன்னும் சுடுகிறது.

கும்பகோணம் சமையல்காரர்:
தம்பி, லாரியும் கிடங்கும் மட்டும் என்றால் பாதிதான் சொல்கிறீர்கள். படைகளுக்குத் தங்குமிடம் ஏற்பாடு செய்யும் பிரெஞ்சு அதிகாரியின் பதவிப் பெயரோடு இந்தச் சொல்லை இணைத்து 1838இல் எழுதினார் ழோமினி என்ற போர்க்கலை எழுத்தாளர். தங்க இடம், சோறு, வழி எல்லாம் அதில் அடக்கம். தளபதி, தளவாய் என்பவற்றில் உள்ள ‘தளம்’ படைதான். ஆகவே ஆசிரியரே, தளவாடம் பிழையில்லை. ஆனால் அது பொருளைக் குறிக்கிறது, வேலையைக் குறிக்கவில்லை. கல்யாண வீட்டில் இந்த வேலைக்கு உக்கிராணம், அதாவது சாமான் அறை, பார்ப்பது என்று பெயர். ஒரு முகூர்த்தத்தில் ஆயிரம் பேருக்குச் சமையல் தயார், வாழையிலைக் கட்டு மட்டும் வரவில்லை. முதல் பந்தி முக்கால் மணி நேரம் காத்திருந்தது. மொழிபெயர்ப்பவர்கள் ஒரே சொல்லைப் பிடித்துத் தொங்க வேண்டாம். படை என்றால் வழங்கல் என்று எழுதுங்கள், வணிகம் என்றால் சரக்கு மேலாண்மை, மாநாடு என்றால் ஏற்பாடுகள். அம்மா, அந்தப் பெரியவர் முன் நான் நின்றிருந்தால், “கொண்டுவந்து சேர்ப்பதில்தான் சிக்கல், ஐயா” என்றிருப்பேன்.